சில்லுவுக்கு எப்போது புத்தாண்டு?

ஜனவரி 22 (தை 8)

சம்பந்தியம்மாவுக்கு,

நலம் விசாரிக்கும் வேலையை இருவரும் விட்டுவிடலாம். நீங்கள் நலமாக இருப்பது போன வாரம் போனில் கத்தியதிலிருந்தே தெரிந்தது. அப்படிக் கத்துவதற்கு நுரையீரல் நன்றாக இருக்க வேண்டும்.

இனி நாம் போனில் பேசக் கூடாது என்று உங்கள் மகனும் என் மகளும் சொல்லிவிட்டார்கள். "ரெண்டு பேரும் எழுதிக்குங்கப்பா. எழுதுறப்பவாவது நடுவுல மூச்சு விடுவீங்க" என்றாள் என் மகள். சரி, எழுதுகிறேன்.

உங்களுக்கு மறதி இருக்கக்கூடும் என்பதால் நிபந்தனையையும் எழுதிவைக்கிறேன். மே மாதம் அவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போகிறார்கள். மூன்று வருடத்துக்குத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதற்கு முன் நான்கு நாள் விடுப்பு, ஒரே ஒரு பயணம். நம் பேத்தி சில்லுவின் முதல் புத்தாண்டுக்கு ஒரே ஒரு வீட்டுக்கு வருவார்கள். யார் வீடு, எந்த நாள் என்று நாம் இருவரும் சேர்ந்து முடிவுசெய்து, பிப்ரவரி முடிவதற்குள் ஒரு தேதியைச் சொல்ல வேண்டும். இரண்டு தேதி போய்ச் சேர்ந்தால் இரண்டு வீட்டுக்கும் வர மாட்டார்கள்.

இதில் முடிவுசெய்ய என்ன இருக்கிறது என்றே எனக்குப் புரியவில்லை. ஏப்ரல் 14. சூரியன் மேஷத்தில் நுழைகிறது, ஆண்டு பிறக்கிறது. நாங்கள் சித்திரைப் பிறப்பு என்கிறோம். விஷு என்பார்கள் சிலர். வடக்கே பைசாகி, கிழக்கே பிஹு. பெயர் வேறு, மொழி வேறு, ஆனால் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பது ஒரே சூரியனை. இத்தனை பேரும் ஏப்ரல் நடுவில் வரிசையாக நிற்கும்போது, நீங்கள் மட்டும் யுகாதி என்று சொல்லிக்கொண்டு ஒரு வருடம் மார்ச்சில் தலையை நீட்டுகிறீர்கள், இன்னொரு வருடம் ஏப்ரலில். தேதி கேட்டால் 'நிலாவைக் கேட்டுச் சொல்கிறேன்' என்கிற ஒரு புத்தாண்டு!

கோளரங்கத்தில் நாள் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன். குவிமாடத்துக்குக் கீழே இருட்டில் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டே கேட்கிறார்கள். அவர்களுக்கே புரிந்துவிடுகிறது.

இன்னொன்று. சில்லு பிறந்தபோது நீங்கள் அங்கே போய் மூன்று மாதம் இருந்தீர்கள். என் மனைவி உயிரோடு இருந்திருந்தால் அவள் போயிருப்பாள். நான் ஒரே ஒரு நாள் போனேன். அன்றைக்குக் குழந்தை முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. அதனுடைய கண்ணின் நிறம்கூட எனக்குத் தெரியாது. எனவே முறை என்னுடையது.

ஏப்ரல் 14, என் வீடு. ஒரு வரி பதில் போதும்.

கோளரங்கத்தார்

*

ஜனவரி 29 (வளர்பிறை தசமி)

சம்பந்தி அவர்களுக்கு,

ஒரு வரி போதுமா? அடேங்கப்பா! நீங்கள் நான்கு பக்கம் அளப்பீர்கள், நான் ஒரு வரியில் தலையாட்ட வேண்டுமாக்கும். உங்கள் இருட்டு அறையில் கை தூக்கிக் கேள்வி கேட்கிற பிள்ளை ஒன்றுகூட இல்லை போலிருக்கிறது. அதுதான் பழக்கம் கெட்டுப்போயிருக்கிறது.

நான் தினசரி காலண்டர் அச்சடித்துப் பிழைக்கிறவள். என் கணவர் விட்டுப்போன அச்சகத்தை இத்தனை வருடம் நடத்துகிறேன். நீங்கள் வானத்தை வைத்து வாய்ப்பந்தல் போடுகிறீர்கள். நான் அதைத் தாள் தாளாக வெட்டி, அட்டையில் வைத்து, தகரப் பட்டை அடித்து விற்கிறேன். ஒரு தாள் தப்பினால் கடைக்காரர் கட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார். ஆகவே எனக்கும் கொஞ்சம் தெரியும்.

உங்கள் சூரியக் கட்சி ஒற்றுமையாக வரிசையில் நிற்கிறதா? நல்ல வேடிக்கை. சூரியன் மேஷத்தில் நுழைகிற நேரம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் உங்கள் ஆட்கள் பொழுது சாய்வதற்குள் நுழைந்தால் அன்றைக்கே வருடப் பிறப்பு என்கிறார்கள். விஷு கொண்டாடுகிறவர்கள் பிற்பகல் வரைக்கும்தான் கணக்கு, அதற்குமேல் நுழைந்தால் மறுநாள் என்கிறார்கள். கிழக்கே வைசாகத்தில் வருடம் தொடங்குகிறவர்கள் நள்ளிரவில் கோடு கிழித்து அதற்கடுத்த நாளைப் பிடிக்கிறார்கள். ஒரே சூரியனுக்கு நான் மூன்று அச்சுத் தகடு போடுகிறேன் ஐயா! எந்தத் தகடு எந்தக் கட்டுக்கு என்று என் மெஷின்காரர் வருடா வருடம் தலையைப் பிய்த்துக்கொள்கிறார். ஏப்ரல் பதிப்புதான் எனக்கு அதிகம் ஓடுகிறது, அதை மறைக்கவில்லை. அதிகம் ஓடுவதால் அது ஒசத்தி ஆகிவிடாது.

என் நிலாவுக்கு இந்த வம்பு குறைவு. அமாவாசை முடிந்து வளர்பிறையின் முதல் நாள், அவ்வளவுதான். குடி பாட்வா என்று கொண்டாடுகிறவர்களும் எங்களோடு அதே நாளில்தான். நிலா தேய்வதையும் வளர்வதையும் எல்லோரும் கண்ணால் பார்க்கிறோம். சூரியன் மேஷத்துக்குள் நுழைந்ததை நீங்கள் எந்த ஜன்னல் வழியாகப் பார்த்தீர்கள்?

நான் மூன்று மாதம் அங்கே இருந்ததைச் சொல்லிக்காட்டுகிறீர்கள். இருந்ததால்தான் சொல்கிறேன், இல்லாவிட்டால் அந்தக் குழந்தையின் கதி என்ன? உங்கள் மகள் அதைத் தூக்குகிற அழகு, ஆபீஸ் ஃபைலைத் தூக்குகிற மாதிரி. குழந்தை அழுதால் முதலில் கடிகாரத்தைப் பார்க்கிறாள், அப்புறம்தான் குழந்தையைப் பார்க்கிறாள். அம்மா இல்லாமல் வளர்ந்தால் என்ன, பார்த்துப் பழகக்கூடவா தெரியாது?

சில்லு என் வீட்டுக்குத்தான் வர வேண்டும். என் வருடப் பிறப்புக்கு.

சம்பந்தியம்மா

பின்குறிப்பு: அதன் கண் உங்கள் கண் மாதிரியே பழுப்பு. அதுதான் என் கவலை.

*

பிப்ரவரி 7 (தை 24)

சம்பந்தியம்மாவுக்கு,

என் மகள் அம்மாவை இழந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. 'அம்மா இல்லாமல் வளர்ந்தவள்' என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் விசாரித்திருக்கலாம். நாள் கணக்கு வைத்துப் பிழைக்கிறவருக்கு வயதுக் கணக்கு வரவில்லை என்பது ஆச்சரியம்தான்.

போகட்டும். நீங்கள் மூலத்துக்குள் போகாமல் தகடு, அட்டை, தகரம் என்று கடைவாசலிலேயே நிற்கிறீர்கள். நான் உள்ளே கூட்டிப்போகிறேன், காலைத் துடைத்துவிட்டு வாருங்கள்.

வருடத்தில் இரண்டு நாள் பகலும் இரவும் சமமாக இருக்கும். அதில் ஒன்று வசந்தத்தில் வருகிறது. குளிர் போய், பகல் இரவைவிட நீள ஆரம்பிக்கிற நாள். சுமார் ஆயிரத்து எழுநூறு வருடங்களுக்கு முன்னால், சூரியன் மேஷத்தில் நுழைந்த நாளும் இந்தச் சம நாளும் ஒன்றாகவே இருந்தன. அதனால்தான் அதை வருடத்தின் தலைவாசல் ஆக்கினார்கள். ஆனால் பூமி சுழலும்போது தலை கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து ஆடுகிறது, வேகம் குறைந்த பம்பரம் மாதிரி. அந்த ஆட்டத்தில் இரண்டும் மெல்லப் பிரிந்துவிட்டன. சம நாள் மார்ச் மூன்றாம் வாரத்தில் தனியாக நிற்கிறது. மேஷம் ஏப்ரல் நடுவுக்கு வந்துவிட்டது. நாங்கள் மேஷத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டோம்.

உங்கள் நிலா மட்டும் என்ன? அது சுதந்திரப் பறவை என்று நினைப்பா? சூரியன் மேஷத்தில் நுழைகிற மாதம் எதுவோ, அதுதான் உங்களுக்கு முதல் மாதம். அதற்கு முந்தைய அமாவாசை முடிந்ததும் உங்கள் வருடம் பிறக்கிறது. நிலாவை அதன் போக்கில் விட்டால் வருடத்துக்குப் பதினோரு நாள் ஓடிப்போய்விடும் என்பதால், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் செருகி இழுத்துக் கட்டுகிறீர்கள். எதில் கட்டுகிறீர்கள்? என் சூரியனில்தான். ஆக, உங்கள் நிலாவும் எங்கள் சூரியனும் ஒரே தாய்க்குப் பிறந்தவை. அந்தத் தாய், வசந்தத்தின் அந்தச் சம நாள். யுகாதி, விஷு, சித்திரைப் பிறப்பு, பைசாகி எல்லாமே அவள் பெற்றவைதான். பெற்றவளை மறந்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய்க் கடை போட்டிருக்கிறோம்.

எனவே நான் பெரிய மனதோடு என் ஏப்ரல் 14ஐ விட்டுக்கொடுக்கிறேன். நீங்களும் உங்களுடையதை விட்டுவிடுங்கள். இந்த வருடம் சம நாள் மார்ச் 21. சில்லு அன்றைக்கு என் வீட்டுக்கு வரட்டும். கிளைகளை விட்டுவிட்டு வேரைக் கொண்டாடும் முதல் குழந்தையாக இருக்கட்டும்.

இதெல்லாம் உங்கள் மகனுக்குப் புரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கல்யாணத்தன்று கிழக்குப் பக்கம் பார்த்து உட்காரச் சொன்னபோது, கிழக்கு எது என்று போனை எடுத்துத் தேடிய மாப்பிள்ளை அவர். அவர் சொந்தமாக எடுத்த ஒரே முடிவு என் மகளைக் கட்டிக்கொண்டது. அதையும் அவள்தான் எடுத்து அவர் கையில் கொடுத்திருப்பாள்.

கோளரங்கத்தார்

*

பிப்ரவரி 14 (தேய்பிறை தசமி)

சம்பந்தி அவர்களுக்கு,

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. மெஷின்காரர் என்ன ஏது என்று ஓடிவந்துவிட்டார்.

இந்த உறையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். இந்த வருடத்துத் தினசரி காலண்டரில், நிலாப் பதிப்பிலிருந்து கிழித்தது. மார்ச் 21. என்ன நிறத்தில் இருக்கிறது, பாருங்கள். சிவப்பு. பண்டிகை நாளுக்குத்தான் நான் சிவப்பு மை போடுவேன். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

ஆமாம் ஐயா, யுகாதி! இந்த வருடம் மார்ச் 20 அமாவாசை. மறுநாள் என் வருடப் பிறப்பு. பெற்ற தாய் என்று நான்கு பக்கத்துக்கு உருகினீர்களே, அந்தத் தாய் இந்த வருடம் என் வீட்டில்தான் தங்குகிறாள். உங்கள் சூரியனார் அங்கே இருபத்து சொச்சம் நாள் தள்ளி, அட்ரஸ் தெரியாமல் நிற்கிறார்.

வானத்தையே வீட்டுக்கூரை மாதிரி பேசுகிற உங்களுக்கு, மார்ச் 21 அன்றைக்கு நிலா எங்கே இருக்கும் என்று ஒரு நிமிடம் அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லையே! என் அச்சகத்தில் கூட்டிப் பெருக்குகிற அம்மாவிடம் கேட்டிருந்தால்கூட, சுவரைப் பார்த்துச் சொல்லியிருப்பாள்.

தேதி நீங்கள் சொன்னதே இருக்கட்டும், மார்ச் 21. அது என் புத்தாண்டு என்பதால் வீடு என்னுடையது. விஷயம் முடிந்தது. உங்கள் பெரிய மனதுக்கு நன்றி.

சம்பந்தியம்மா

*

பிப்ரவரி 18 (மாசி 6)

சம்பந்தியம்மாவுக்கு,

தாள் கிடைத்தது. நிலா அன்றைக்கு அங்கே வருவது தற்செயல். கல்யாண வீட்டு வாசலில் பஸ் நின்றது என்பதற்காக, பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லாம் பெண் வீட்டார் ஆகிவிட முடியாது. அடுத்த வருடம் உங்கள் நிலா ஏப்ரலுக்கு ஓடும்போது இந்தத் தாயை எங்கே விட்டுவிட்டு ஓடுவீர்கள்?

ஆகவே மார்ச் 21ஐ வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஏப்ரல் 14தான். சிரியுங்கள். வயிற்று வலிக்கு மருந்து சாப்பிட்டுவிட்டுச் சிரியுங்கள்.

உண்மையைச் சொல்கிறேன். எங்கள் மேலதிகாரி ஏப்ரல் 14 அன்று, கோளரங்கம் விடுமுறையாக இருக்கும்போது, குவிமாடத்தை ஒரு மணி நேரம் என் பேத்திக்காகத் திறந்துவிட ஒப்புக்கொண்டிருக்கிறார். இதைக் கேட்டு வாங்க நான் அவர் அறை வாசலில் பல நாள் நின்றிருக்கிறேன். என் சுபாவத்துக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். சில்லு பிறந்த நேரத்தில் வானம் எப்படி இருந்ததோ, அதை அப்படியே அவள் தலைக்கு மேல் போட்டுக் காட்டப்போகிறேன். அவளுக்கு ஒன்றும் புரியாது. விரலைச் சூப்பிக்கொண்டு பார்ப்பாள். எனக்கு அது போதும். மூன்று வருடத்துக்கு நான் அதை வைத்துக்கொண்டு இருந்துவிடுவேன்.

எனக்கு அவள் வேண்டும். இதற்கு வேரும் இல்லை, கிளையும் இல்லை.

நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் என் மகளுக்கு நேற்றே எழுதிவிட்டேன். ஏப்ரல் பதிப்புதான் அதிகம் ஓடுகிறது, திசைக்குத் திசை அதைக் கொண்டாட ஆள் இருக்கிறது என்று நீங்களே ஒப்புக்கொண்ட கடிதத்தை ஆதாரமாக வைத்து அனுப்பியிருக்கிறேன்.

கோளரங்கத்தார்

*

பிப்ரவரி 23 (வளர்பிறை பஞ்சமி)

சம்பந்தி அவர்களுக்கு,

முந்திக்கொண்டதாக நினைப்பா? நான் பதினாறாம் தேதியே என் மகனுக்கு எழுதிவிட்டேன். உங்கள் தாய்ப் புராணத்தையும் சேர்த்தே அனுப்பினேன், உங்கள் கையெழுத்திலேயே. நகல் எடுத்து அனுப்பினால் நான் இட்டுக்கட்டியது என்று உங்கள் மகள் சொல்வாள் அல்லவா? 'உன் மாமனாரே மார்ச் 21 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், படித்துக்கொள்' என்று மேலே ஒரு துண்டுச் சீட்டும் வைத்தேன்.

குவிமாடம், வானம் எல்லாம் சரி. என்னைக் கல் என்று நினைக்காதீர்கள். மூன்று மாதம் என் தோளில்தான் தூங்கியது அது. திரும்பி வந்த பிறகு மெஷின் சத்தம் நின்றால் எனக்குத் தோள் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பேப்பர் கட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறேன், பைத்தியக்காரி மாதிரி. உங்களுக்கு ஒரு மணி நேரம் வேண்டும். எனக்கு நான்கு நாளும் வேண்டும்.

நீங்கள் உங்கள் மகளுக்கு எழுதாமலே இருந்திருந்தால், ஒருவேளை நான் ஒரு நாள் விட்டுக்கொடுத்திருப்பேன். இப்போது முடியாது. பிள்ளைகள் தீர்ப்புச் சொல்லட்டும்.

சம்பந்தியம்மா

*

மார்ச் 2 (மாசி 18)

சம்பந்தியம்மாவுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. நேற்று என் மகள் போன் செய்தாள். உங்களுக்கும் வந்திருக்கும்.

நான் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் ஆரம்பித்தாள். "அப்பா, நான் குழந்தைய ஃபைல் தூக்குற மாதிரி தூக்குறேனாம். அழுதா முதல்ல கடிகாரத்தைப் பாக்குறேனாம். அம்மா இல்லாம வளந்தவளாம். நீங்க அனுப்புன லெட்டர்லதான் படிச்சேன். அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க அதைப் படிச்சீங்களாப்பா?"

"படிச்சேம்மா. அதுல ஏப்ரல் பதிப்பைப் பத்தி அந்த அம்மாவே ஒத்துக்கிட்டு..."

"ஏப்ரலைப் படிச்சீங்க. என்னைப் படிக்கல."

பிறகு உங்கள் மகன் போனை வாங்கினார். அவர் அவ்வளவு அமைதியாகப் பேசி நான் கேட்டதில்லை. "மாமா, உங்க லெட்டர் எனக்கும் வந்துச்சு. கிழக்கு எங்க இருக்குன்னு இப்ப நல்லாத் தெரியும். கிழக்கதான் வேலை கிடைச்சிருக்கு. சீக்கிரமே வந்து சேரச் சொன்னாங்க. உங்க ரெண்டு பேருக்காகத்தான் மே வரைக்கும் டைம் கேட்டு வெச்சிருந்தோம். இனிமே கேக்கப் போறதில்ல. இந்த முடிவை நான் சொந்தமா எடுத்தேன்."

மார்ச் 21 அன்று விமானம். எந்த வீட்டுக்கும் வரப்போவதில்லை.

தேதியைக் கவனித்தீர்களா? நம் இருவரையும் குத்திக்காட்டத் தேடிப் பிடித்த தேதி என்று முதலில் நினைத்தேன். கேட்டேன். டிக்கெட் அன்றைக்குத்தான் கிடைத்ததாம். அவர்களுக்கு அது வெறும் சனிக்கிழமை.

கோளரங்கத்தார்

*

மார்ச் 5 (பௌர்ணமி)

சம்பந்தி அவர்களுக்கு,

எல்லாம் உங்களால்தான். எழுதியது நான், சரி. உங்களுக்கு எழுதினேன். அதைத் தூக்கி மகளிடமே நீட்டுகிற ஆளை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. சொந்த மகளைப் பற்றி அவ்வளவு எழுதியிருக்கிறது, அது கண்ணில் படவில்லை, ஏப்ரல் மட்டும் பட்டதா? உங்களுக்குத் தொலைநோக்கி எதற்கு ஐயா? பக்கத்தில் இருப்பது தெரிகிற கண்ணாடியாக ஒன்று வாங்குங்கள்.

நானும் அதையேதான் செய்தேன் என்று சொல்லப்போகிறீர்கள். சொல்லுங்கள், காதில் விழட்டும். 'கிழக்கு தெரியாத மாப்பிள்ளை' என்கிற வரியைப் படிக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனால் மார்ச் 21 என்று பார்த்ததும் மற்றதெல்லாம் மறந்துபோய்விட்டது. கெலித்துவிட்டோம் என்கிற நினைப்பு. என் பிள்ளையைத் திட்டிய கடிதத்தை என் கையாலேயே மடித்து, ஒட்டி, ஸ்டாம்ப்பையும் நக்கி ஒட்டினேன். இரண்டு கழுதையில் எது பெரிய கழுதை என்று இனி நாம் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

உங்கள் மகள் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள். "அத்தை, கடிகாரத்தைப் பாத்தது, கடைசியா எப்பப் பால் குடுத்தோம்னு பாக்க." அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

மூன்று மாதம் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன். கேட்டிருக்கலாம்.

சம்பந்தியம்மா

*

மார்ச் 24 (பங்குனி 10)

சம்பந்தியம்மாவுக்கு,

விமான நிலையத்தில் பயணிகள் உள்ளே போகும் வாசலுக்குப் பக்கத்துத் தூணுக்குப் பின்னால், பச்சைப் புடவையில் நின்றது நீங்கள்தானே? இல்லை என்று எழுதாதீர்கள். முழுப் பஸ் அகலத்துக்கு இருக்கிற உங்களை அந்தத் தூண் எப்படி மறைக்கும்?

யாரும் உங்களை அழைக்கவில்லை. என்னையும் அழைக்கவில்லை. நான் எதிர்ப்பக்கம் டீக்கடை மறைவில் நின்றேன். என்னை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

சில்லு உங்கள் மகனின் தோளில் பின்பக்கம் பார்த்துக்கொண்டு போனது. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் என்னைப் பார்த்துக் கையை ஆட்டியது. பழுப்புக் கண்தான்.

கோளரங்கத்தார்

*

மார்ச் 30 (வளர்பிறை தசமி)

சம்பந்தி அவர்களுக்கு,

பார்த்தேன், ஏன் பார்க்காமல்? இரண்டு டீ வாங்கி இரண்டையும் குடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்ற ஆள் நீங்கள் ஒருவர்தான்.

கையை ஆட்டியது என்னைப் பார்த்து. மூன்று மாதம் தூக்கியவளைக் குழந்தைக்குத் தெரியாதா? உங்களை எங்கே தெரியும், தூங்கிக்கொண்டிருந்தபோது ஒருநாள் வந்து போன உங்களை?

ஏப்ரல் 14 அன்று என்ன செய்யப்போகிறீர்கள்? சும்மா கேட்டேன். பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

சம்பந்தியம்மா

*

ஆகஸ்ட் 3 (தேய்பிறை)

சம்பந்தி அவர்களுக்கு,

ஏப்ரல் 14 பற்றிக் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. கட்டாயமில்லை என்றால் உண்மையிலேயே எழுதாமல் இருந்துவிடுவதா? என்ன மனிதரோ!

போட்டோ உங்களுக்கும் வந்திருக்கும். சில்லு நிற்கிறது, ஒரு காலைத் தூக்கியிருக்கிறது. பின்னால் யாருடைய கையும் இல்லை. என் படத்தின் பின்பக்கம் உங்கள் மகள் எழுதியிருப்பதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கும் இதே தானா என்று சொல்லுங்கள்.

"முதல் முதலா நடந்தா. இனிமே எங்க வீட்டுல வருஷப் பிறப்பு இந்த நாள்தான்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணியிருக்கோம். என்ன தேதின்னு மட்டும் சொல்ல மாட்டோம். சொன்னா அதுக்கும் வேர் எங்க, கிளை எங்கன்னு தோண்ட ஆரம்பிச்சுடுவீங்க."

என்னிடமே தேதியை மறைக்கிறாள், காலண்டர் அடிக்கிறவளிடம்! என்ன நெஞ்சழுத்தம். யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று சொல்லவேண்டியதில்லை.

உங்களிடம் வேலை ஒன்று. தரையில் ஜன்னல் வெயில் விழுந்திருக்கிறது, பாருங்கள். சில்லுவின் நிழலும் தெரிகிறது. இதை வைத்துத் தேதி கண்டுபிடிக்க முடியாதா? இத்தனை வருடம் சூரியன் சூரியன் என்று உயிரை வாங்கினீர்களே, இதற்காவது அது உதவட்டும்.

சம்பந்தியம்மா

*

ஆகஸ்ட் 19 (ஆவணி 2)

சம்பந்தியம்மாவுக்கு,

எனக்கும் அதே வாசகம்தான். ஒரு எழுத்து கூட மாற்றவில்லை. நம் இருவரையும் ஒரே தராசில் வைத்துவிட்டாள்.

நீங்கள் கேட்பதற்கு முன்பே பார்த்துவிட்டேன். பூதக்கண்ணாடியை வைத்து, அடிக்கோலை வைத்து, குழந்தையின் உயரத்தை உத்தேசமாகப் போட்டு, நிழலை அளந்தேன். ஜன்னல் எந்தத் திசை என்று தெரியவில்லை. காலையா, மாலையா என்று தெரியவில்லை. எல்லாம் தெரிந்தாலும், சூரியன் ஒரே பாதையில் வருடத்துக்கு இரண்டு முறை வரும், போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. ஆயிரத்து எழுநூறு வருடத்துக்கு முன்னால் மேஷம் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். என் பேத்தி எந்த நாளில் நடந்தாள் என்று தெரியாது. இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கக்கூட முடியாது.

ஏப்ரல் 14 பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேலதிகாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சாவி கொடுத்தார். குவிமாடத்துக்குள் போய் உட்கார்ந்தேன். புரொஜெக்டரைப் போடவில்லை. யாருக்குப் போடுவது? கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதனால்தான் பதில் எழுதவில்லை.

உங்களுக்கு வேறு ஏதாவது வழி தெரிந்தால் சொல்லுங்கள். என்னால் ஆகவில்லை.

கோளரங்கத்தார்

*

அக்டோபர் 26

சம்பந்தி அவர்களுக்கு,

தேதிக்குப் பக்கத்தில் பிறைக் கணக்கு எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். கையில் வரவில்லை, விட்டுவிட்டேன்.

உங்களால் ஆகாது என்று தெரியும். ஆகியிருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன். என்னாலும் ஆகவில்லை என்பதால் அதிகம் பேசவில்லை.

அடுத்த வருடக் காலண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு வாரமாக ஒரே யோசனை. ஊரில் இருக்கிற எல்லோருடைய புத்தாண்டுக்கும் சிவப்பு மை போடுகிறேன். உங்கள் ஆட்களுக்கு ஒரு நாள், விஷுவுக்கு ஒரு நாள், எங்களுக்கு ஒரு நாள். என் பேத்தியின் புத்தாண்டுக்கு எந்தத் தாளில் போடுவது?

நேற்றுக் கடை சாத்துகிற நேரத்தில் மெஷின்காரரைக் கூப்பிட்டு, கறுப்பு மையைத் துடைத்துவிடச் சொன்னேன். ஜனவரி ஒன்றிலிருந்து டிசம்பர் கடைசி வரைக்கும் எல்லாத் தாளையும் சிவப்பிலேயே ஓட்டச் சொன்னேன். "என்னக்கா, கிறுக்குப் புடிச்சுப்போச்சா? எவன் வாங்குவான் இதை?" என்றார். "விக்கிறதுக்கு இல்ல. ரெண்டே ரெண்டு காலண்டர். போடுங்க" என்றேன்.

ஒன்று என் மெஷினுக்கு மேலே தொங்குகிறது. இன்னொன்று இந்தப் பார்சலில் இருக்கிறது. தினமும் ஒன்றாகக் கிழியுங்கள். என்றைக்கோ ஒரு நாள் கிழிக்கிற தாள்தான் சரியான தாள். எது என்று நம் இருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அதை மட்டும் கிழிக்காமல் தவறவிட்டோம் என்று ஆகாது.

மாட்டுவதற்குச் சுவரில் ஆணி இருக்கிறதா? இல்லை, அதையும் வானத்தில்தான் அடித்து வைத்திருக்கிறீர்களா?

சம்பந்தியம்மா